துடுப்பின் மீதி

மலையடிவாரத்துச் சோற்றுமடத்தில், அடுக்களைச் சுவரில் ஒரு கோடு இருந்தது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம். ஆணியால் கீறியது. புகை படிந்து சுவர் முழுக்கக் கறுத்துவிட்ட பிறகும், ஆண்டுக்கு ஒருமுறை யாரோ அந்தக் கோட்டை மட்டும் சுரண்டி வெளுக்க வைத்தார்கள்.

கோட்டுக்கு நேர் கீழே ஒரு துடுப்பு சாய்ந்திருந்தது. பெரிய அண்டாவில் களி கிண்டுகிற மரத்துடுப்பு. அது கோட்டைத் தொடவில்லை. ஒரு சாண் குறைந்திருந்தது.

மாசிலாமணி அந்த மடத்துக்கு வந்த ஆண்டு அவருக்கு வயது அறுபத்திரண்டு. அங்கே மரக்கரண்டி செய்கிற அங்காயிக்கு முப்பத்து நான்கு. இருவரில் மாசிலாமணிதான் சீடர்.

அவர் கற்றுக்கொள்ள வரவில்லை. மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் சாப்பிட உட்கார்ந்தார். சமையல்காரர் ராக்கியண்ணன் அகப்பையில் களியை அள்ளி இலையில் வைக்கக் குனிந்தார். மாசிலாமணி களியைப் பார்க்கவில்லை. ராக்கியண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை விடுங்க பெரியவரே. களி ஆறுது."

"இது என்ன மரம்?"

"அகப்பைங்க."

"அது தெரியுது. இந்த நிறம் எப்படி வந்துச்சு?"

"பின்னாடி நாப்பது பேரு இலை போட்டு உக்காந்திருக்காங்க. தின்னுட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கேளுங்க."

நாற்பது வருடம் ஈரோட்டில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் அடித்தவர் மாசிலாமணி. அவர் கைபட்டால் மாமரம் தேக்காகும், வேம்பு ஈட்டிமரமாகும். ஆணி ஓட்டையும் கணுவும் வெடிப்பும் அவர் தொட்ட பிறகு இருந்த இடம் தெரியாது. ஒரு மேசையைத் தூரத்திலிருந்து பார்த்தே எத்தனை கை அரக்கு, அடியில் என்ன சாயம் என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் செருக்கும் உண்டு. அந்த அகப்பையை அவரால் சொல்ல முடியவில்லை. அதன் சிவப்பு மேலே இல்லை. எவ்வளவு உள்ளே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

கொல்லையில் ஒரு பெண் பாறைமேல் உட்கார்ந்து, மடியில் வைத்த கரண்டியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசாரி எங்க அம்மணி?"

"ஆசாரி யாரும் இல்லீங்க. நான்தான் இருக்கறேன்."

அவர் குனிந்து கரண்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது என்ன பாலிஷ்?"

"ஆளிவிதை எண்ணெய்ங்க."

"அதுக்கு அடியில?"

"மரம்."

"அது சரி. மரத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவுல என்ன நிறம் குடுத்தீங்க?"

அங்காயி கரண்டியை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். "நடுவுல எடமில்லீங்களே," என்றாள்.

மாசிலாமணி அன்று மலை ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி மகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அங்காயியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் அம்மணி. அரக்கு அடிச்சா மேல கண்ணாடி மாதிரி நிக்கும். கை பட்டாலும் காத்து பட்டாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க எண்ணெய் போடறீங்க. மாசத்துக்கு ஒருக்கா மறுபடியும் போடறீங்க. அப்படி எதுக்கு?"

அவள் எழுந்து அவரை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். துடுப்பை எடுத்துச் சுவரில் நிமிர்த்தி வைத்தாள்.

"எங்கம்மா செஞ்சதுங்க. செஞ்சன்னைக்கு இந்தக் கோடு வரைக்கும் இருந்துச்சு. இருபத்தேழு வருஷமாச்சு." கோட்டுக்கும் துடுப்புக்கும் நடுவில் கையை விரித்து வைத்தாள். "மீதி எங்கீங்க?"

"உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்ச எடத்தைக் காட்டுங்க."

அவர் துடுப்பைத் தலைகீழாகத் திருப்பினார். தட்டையான அடிமுனை ஆற்றுக்கல்லைப் போல வழவழவென்று இருந்தது. முறிவில்லை, வெட்டில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"தெரிஞ்சப்ப சொல்லுங்க," என்றாள் அங்காயி.

"அதுவரைக்கும் இங்க தங்கலாமா?"

"சோறு எல்லாருக்கும் உண்டு. எத்தனை நாளைக்கு வேணும்னாலும்."

"தொழில் கத்துக்கறதுக்கு?"

அவள் மேலே கையைக் காட்டினாள். பரண்மேல் ஒரு நீளப் பலகை கிடந்தது. ஏரிக்கரைப் பூவரசு காற்றில் விழுந்து பதினோரு வருடம். ஒன்பது பலகை அறுத்தார்கள். எட்டுப் பலகை கரண்டியும் மத்தும் அகப்பையும் ஆகி அடுக்களைக்குள் போய்விட்டன. மிச்சம் இது ஒன்று.

"கோடு வரைக்கும் ஒரு துடுப்பு செய்யுங்க. தைப்பூசத்தன்னைக்கு அது அண்டாவுல எறங்குச்சுன்னா இங்க உங்களுக்கு ஒரு உளி இருக்கும். இல்லீன்னா சோறு இருக்கும்."

அப்போது ஆனி மாதம்.

பலகையைத் தொடுவதற்கு முன் சின்னச் சாமான்களில் பழகினார். அவருக்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவவில்லை. உப்புத்தாள் போட்டு இழைத்து வழவழப்பாக்கிய கரண்டியை எண்ணெய்க்கு நீட்டினார். அவள் அதை வாங்கி அப்படியே தண்ணீரில் முக்கினாள். கரண்டி காய்ந்ததும் தடவிப் பார்க்கச் சொன்னாள். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று நார் எழுந்து நின்றது.

"இத்தனை நேரம் இழைச்சது வீணாப் போச்சே அம்மணி."

"காலம் பூரா தண்ணியில இருக்கப் போகுது. இப்பவே ஒருக்காப் பாத்துக்கட்டுங்க."

மறுபடி இழைத்தார். மறுபடி முக்கினாள். மூன்றாம் முறை நார் எழவில்லை. அதற்குப் பிறகுதான் எண்ணெயைக் கொடுத்தாள். இரண்டு சொட்டு, ஒரு துண்டுத் துணி.

துணி பட்ட இடத்தில் மரம் கண் திறந்தது. வெளுத்த கரண்டிக்குள்ளிருந்து செம்பழுப்பாக ஒரு ரேகை எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காற்றில் அசைகிற தண்ணீரைப் போல ஒன்றன் மடிப்பில் ஒன்று. மாசிலாமணி துணியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நாற்பது வருடமாக மரத்துக்கு நிறம் கொடுத்தவர் அவர். மரம் கொடுத்து அவர் வாங்கியதில்லை.

"இது இத்தனை நாளும் உள்ள இருந்துச்சா?"

"வேற எங்க போகும்?" என்றாள் அவள். "குடிச்சது போக மேல நிக்கறதைத் துடைச்சிருங்க. விட்டா நாளைக்குப் பிசுபிசுங்கும்."

அவர் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டார். மதியம் வந்து பார்த்தபோது துணிச்சுருளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நெருப்பே இல்லை. அங்காயி கோலால் அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாறைமேல் பிரித்துப் போட்டுக் கல் வைத்தாள்.

"எண்ணெய் உள்ள வேலை செய்யுதுங்க. சுருட்டி வெச்சா அதுக்கு மூச்சு முட்டும்."

இன்னொரு நாள், சாண் நீளக் கரண்டி ஒன்றைக் காம்பு கீழே இருக்கும்படி எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தாள். இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டாள். கரண்டியின் மேல் விளிம்பில் கடுகு கடுகாக எண்ணெய் துளிர்த்திருந்தது. யாரும் மேலே தடவவில்லை. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறின அதே வழியில் அது ஏறி வந்திருந்தது.

மாசிலாமணி நெடுநேரம் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "இது செத்த மரம்தானே அம்மணி?"

"அதுகிட்ட யாரும் சொல்லலீங்க போல."

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் செய்த எதையும் நேரே சமையலில் போடமாட்டார்கள். ஒரு பானை வெந்நீரில் அதை விட்டு மூன்று சுற்றுக் கலக்குவார்கள். அந்த நீரில் ஒரு டம்ளர் அங்காயி குடிப்பாள். குடித்த பிறகுதான் அது அடுக்களைக்குள் போகும்.

"இது எதுக்கு அம்மணி?"

"தாகம்."

ராக்கியண்ணன் சிரித்தார். "சொல்லமாட்டா மேஸ்திரி. செஞ்சவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரோ அவங்கதான் இங்க முதல்ல குடிக்கோணும். இவ செஞ்சதையெல்லாம் இவங்கம்மா குடிச்சாங்க. அவங்க போனதுக்கப்புறம் அதையும் இவளே குடிக்கறா. உங்க துடுப்பு வந்தா அதையும் இவதான் குடிக்கோணும். பாத்துச் செய்யுங்க."

ராக்கியண்ணனுக்கு அவரை வம்புக்கு இழுப்பதில் ஒரு சுகம். தினமும் பந்தி முடிந்ததும் கேட்பார்: "மேஸ்திரி, அந்த ஒரு சாண் இன்னிக்காச்சும் கெடைச்சுதா?"

"கரையான் தின்னிருக்கும்."

"தின்னுட்டு இழைச்சும் வெச்சுட்டுப் போச்சாக்கும்."

"அடுப்பில பட்டுக் கருகியிருக்கும். கருகினதைச் செதுக்கியிருப்பாங்க."

"உளித்தடம் எங்கீங்க?"

"அப்ப நீங்கதான் திருடியிருப்பீங்க."

"அது வேணா இருக்கும்."

அங்காயி இதற்கெல்லாம் தலைநிமிர மாட்டாள்.

ஐப்பசியில் பலகையை இறக்கினார். இரண்டு மாதம் செதுக்கினார். கைப்பிடி உருண்டு வந்தது. அடியில் அகலமாக ஒரு தட்டை, பெரிய வாழைப்பூ மடலின் வடிவத்தில். சுவரில் நிறுத்தினால் நுனி சரியாகக் கோட்டில் நின்றது. இதற்குள் அவருடைய நகங்களும் மாறிவிட்டன. நாற்பது வருடச் சாயத்தில் செம்பட்டையாகக் கிடந்த நகங்கள் எண்ணெயிலும் தண்ணீரிலும் வெளுத்துப் பிறந்த நிறத்துக்கு வந்திருந்தன. சாப்பிடும்போது சிலசமயம் யாருடைய கையோ என்பதுபோல் அவற்றைப் பார்ப்பார்.

மார்கழி நடுவில், மூன்றாம் முறை தண்ணீர் விட்டுக் காய வைத்த அன்று, துடுப்பின் அடிமுனையில் ஒரு கோடு தெரிந்தது. முடி போல. நகத்தால் தடவினார். நகம் மாட்டியது. வெடிப்பு. முனையிலிருந்து உள்ளே நான்கு விரல் நீளம் போயிருந்தது.

நான்கு விரல் வெட்டி எடுத்துவிட்டால் மரம் நன்றாக இருக்கும். ஆனால் துடுப்பு கோட்டைத் தொடாது. வேறு பலகையும் இல்லை.

அன்று முழுக்க அவர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவருடைய பழைய தகரப்பெட்டியைத் திறந்தார். மரத்தூளைப் பசையில் குழைத்தார். அந்த வேலையை அவர் பத்தாயிரம் தடவை செய்திருப்பார். கை தானாகச் செய்தது. வெடிப்பில் திணித்து, காய வைத்து, இழைத்தார். முடிந்தபோது அந்த இடத்தை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் எண்ணெய் வைத்தார்.

கைப்பிடியில் தொடங்கினார். பூவரசின் வைரம் பாய்ந்த உள்மரம் முழுவதும் விழித்துக்கொண்டு வந்தது. ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பும் கறுப்பும் ஊதாவுமாக ரேகைகள் ஓடின. ஒரு நல்ல மழை அகலமாக, ஒரு பஞ்சம் ஒடுங்கி. கிளை பிரிந்த இடத்தில் ஒரு சுழி. அந்த மரம் நின்ற அத்தனை வருடமும் ஒன்று விடாமல் உள்ளே இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு துணியைக் கீழே கீழே கொண்டுபோனார். தட்டையின் முனைக்கு வந்தார்.

அங்கே ஒரு தழும்பு தெரிந்தது. நான்கு விரல் நீளம், வெளுத்துப்போய். சுற்றிலும் மரம் சிவந்திருக்க, அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் இறங்காமல் மேலாக நின்றது.

இன்னொரு சொட்டு விட்டார். நின்றது. வெயிலில் வைத்தார். மறுநாளும் நின்றது.

அங்காயி பக்கத்தில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். அவர் துடுப்பைத் துணியால் மூடிவிட்டு, வேறெதையோ பேசுவதுபோல் கேட்டார்: "ஒரு எடத்துல மட்டும் மரம் குடிக்காமப் போனா என்னங்க பண்றது?"

"வாயில என்னமோ இருக்கும்," என்றாள். "எடுத்துட்டாக் குடிச்சிரும்."

அவள் எழுந்து போனாள். அவர் எடுக்கவில்லை. தகரப்பெட்டியில் ஒரு பொட்டலத்தில் சாயப்பொடி மிச்சமிருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்து, ஆள்காட்டி விரலில் பஞ்சைச் சுற்றி, தழும்பின் மேல் மெல்ல ஒற்றினார். பக்கத்து ரேகையிலிருந்து நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். கறுப்பு ஓட வேண்டிய இடத்தில் கறுப்பு ஓட்டினார். மேலே எண்ணெயைத் தடவினார். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் ஆகச் சிறந்தது.

தைப்பூசத்தன்று விடிவதற்குள் மடத்தின் முற்றம் நிறைந்துவிட்டது. காவடிக்காரர்கள், பாதயாத்திரை வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பெரிய அண்டாவில் உலை கொதித்தது.

அங்காயி புதுத் துடுப்பைச் சுவரில் நிறுத்தினாள். நுனி கோட்டைத் தொட்டது. உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவினாள். தட்டையின் முனையில் அவள் கை நிற்கவில்லை.

"நல்லா வந்திருக்குங்க," என்றாள்.

ஏழு மாதம் காத்திருந்த சொல். அது மாசிலாமணிக்குள் இறங்கவில்லை. மேலாகவே நின்றது. அவர் ஆள்காட்டி விரலை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

வெந்நீர்ப் பானை வந்தது. அவள் துடுப்பை அதில் இறக்கினாள். ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் தட்டையின் முனையிலிருந்து நூல் போல ஒரு சிவப்பு கிளம்பியது. மூன்றாம் சுற்றில் நீரில் கலந்து காணாமல் போனது.

"மரம் சாயம் விடுது," என்றார் ராக்கியண்ணன். "புது மரம். விடத்தான் செய்யும். குடிச்சுட்டு எடத்தை விடு அங்காயி. மாவு கொட்டோணும்."

அங்காயி டம்ளரில் மொண்டாள். ஊதி ஆற்றினாள். உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

மாசிலாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை விடுங்க மேஸ்திரி," என்றார் ராக்கியண்ணன். "அண்டா கொதிக்குது."

அவர் விடவில்லை. டம்ளர் சாய்ந்து வெந்நீர் அவர் புறங்கையில் வழிந்தது. அப்போதும் விடவில்லை.

"அது மரத்தோட நிறமில்லீங்க அம்மணி."

அவர் பார்வை பானைக்குள் நின்ற துடுப்பின் மேல் இருந்தது.

"முனையில வெடிப்பு இருக்கு. நாலு விரல். பசை போட்டு அடைச்சேன். எண்ணெய் காட்டிக் குடுத்துருச்சு. அதுமேல சாயம் வெச்சேன்." மடித்திருந்த விரலை நீட்டினார். நகம் செம்பட்டையாக இருந்தது. "நாப்பது வருஷமா என் மூஞ்சியைக் கழுவினா தண்ணியில இந்தச் சிவப்பு வரும். எச்சில்ல வரும். அது வயித்துக்குள்ள போற சாமான் இல்லீங்க."

ராக்கியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆயிரத்துச் சொச்சம் பேரு வாசல்ல உக்காந்திருக்காங்க! பாலிஷைத் திங்கறதுக்கா வந்தாங்க? நல்லாயிருக்குங்க உங்க வேலை. இப்ப எதைப் போட்டுக் கிண்டறது? என் கையையா?"

அங்காயி டம்ளரைக் கீழே வைத்தாள். பானையைச் சாய்த்து நீரைச் சாக்கடையில் விட்டாள். அவரைத் திட்டவில்லை. சுவரோரம் கிடந்த பழைய துடுப்பை எடுத்து ராக்கியண்ணனிடம் நீட்டினாள்.

"அது ஒரு சாண் குட்டை. ஆவி முழங்கைக்கு ஏறும்," என்றார் அவர்.

மாசிலாமணி துடுப்பை வாங்கிக்கொண்டார்.

மாவு விழுந்தது. அவர் கிண்டினார். ராக்கியண்ணன் சொன்னது சரிதான். ஆவி முழங்கைவரை ஏறிச் சுட்டது. களி இறுக இறுக இழுக்கத் தோளில் வலு போதவில்லை. "அடி பிடிக்குது! அடியோட வழிச்சுக் கிண்டுங்க!" என்று ராக்கியண்ணன் கத்தினார். மாசிலாமணி துடுப்பை அண்டாவின் அடிவரை இறக்கி அழுத்தினார்.

சர்ர் என்றது.

இன்னொரு சுற்று. சர்ர். மரம் உலோகத்தில் உரசுகிற சத்தம். அந்தச் சத்தம் கைப்பிடி வழியாக ஏறி அவர் உள்ளங்கைக்கு வந்தது. மரமும் உலோகமும் தெரிந்தவர் அவர். எது எதைத் தேய்க்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கை ஒரு கணம் நின்றது.

"நிறுத்தாதீங்க மேஸ்திரி!"

கிண்டினார். ஒவ்வொரு சுற்றிலும் சர்ர் என்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசளவு. ஒரு நாளைக்கு எத்தனை சுற்று. இருபத்தேழு வருடத்துக்கு எத்தனை நாள். களி வெந்து பளபளத்தது. பார்வைக்கு அதில் களியைத் தவிர எதுவும் இல்லை.

பந்தி உட்கார்ந்தது. சோற்றுமடத்துக் களி, கடைந்த கீரை. மாசிலாமணி தூணோரம் நின்று பார்த்தார். காவடி தூக்கி வந்தவன் களியைக் குழி பறித்துக் கீரையை ஊற்றி விழுங்கினான். ஒரு கிழவர் இலையை வழித்து விரலை நக்கினார். ஒரு பெண் சின்ன உருண்டையாக உருட்டி ஊதிக் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை வாயை மூடிக்கொண்டு இன்னும் என்று இலையைக் காட்டியது. வரிசை வரிசையாக, வாசல் தாண்டி, மரத்தடிவரை. அவர் இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பந்தி ஓய்ந்த பிறகு கொல்லைக்குப் போனார். அங்காயி பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவருடைய துடுப்பு அவள் மடியில் கிடந்தது. அவருடைய முழங்கை கன்றிச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"என் விரலை நீங்க பாத்தீங்களா அம்மணி?"

"பாத்தனுங்க."

"எப்ப?"

"நாலு நாளாச்சு."

"தெரிஞ்சேவா குடிக்கப் போனீங்க?"

"குடிக்கலீங்களே," என்றாள் அவள்.

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அந்த ஒரு சாண்..." என்று தொடங்கினார். கை தானாக வாசல் பக்கம், சாப்பிட்டு எழுந்தவர்கள் பக்கம் நீண்டது.

அவள் தலையசைத்தாள்.

பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரும் பின்னால் போனார். அதைச் சுவரில் தலைகீழாக நிறுத்தி, முனையிலிருந்து நான்கு விரல் அளந்து, அங்கே நகத்தால் ஒரு கீறல் வைத்தாள். மூலையிலிருந்த ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மாசிலாமணி ரம்பத்தைப் பார்த்தார். சுவரில் வெளுத்துத் தெரிந்த கோட்டைப் பார்த்தார்.

"கோட்டுக்கு எட்டாதுங்க அம்மணி. குட்டையாயிரும்."

முற்றத்தில் இரண்டாம் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. அங்காயி அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எப்படியிருந்தாலும் ஆகப்போறதுதானுங்களே," என்றாள்.